சன்னல் திறக்காமல் காற்று

மனைவி மேல் கொண்ட பிரியத்தால்தான் அந்த விசிறியைச் செய்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அது பொய். மாமியாருக்குப் பயந்து செய்தேன். "அந்தச் சன்னலைத் திறந்து விடுங்கள்" என்று அவர் எதிரில் நின்று இரண்டாம் தடவை சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருந்தால், இந்தக் கதைக்கு வேலையே இல்லை. உலகத்தில் பாதி இயந்திரங்கள் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். நேராகப் பேச வாய் வராதவன்தான் சக்கரமும் கயிறுமாகச் சுற்றுவழி தேடுகிறான்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ராஜபாளையத்தில், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை ஒன்றில் பிட்டர் வேலை. (ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பிட்டருக்கு எண்ணெய்க் கிண்ணம் பிடிக்கிற வேலை என்பதே சரி.) என் மனைவி ஆமினா தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கத்திரி வெயில் தொடங்கிய அன்று பெண் குழந்தை பிறந்தது. போய்க் குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லிவிட்டு, ஆலைக்குத் திரும்பிச் சந்தோஷத்தில் இரண்டு நாள் எல்லா இயந்திரத்துக்கும் அளவுக்கு மேல் எண்ணெய் விட்டேன். நாலாம் நாள் லீவு வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். ஏழாம் நாள் முடி இறக்கிப் பேர் வைக்கிற வரை அங்கேயே இருப்பதாக ஏற்பாடு.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வெளிக்காற்றுப் படாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சை உடம்பு, காற்றுப் பட்டால் சன்னி வரும் என்பார்கள். மற்ற வீடுகளில் சன்னலைச் சாத்துவார்கள், அவ்வளவுதான். என் மாமியார் வீட்டில் சாத்தி, தாழ்போட்டு, இடுக்குகளில் துணியைத் திணித்து, அதன் மேல் களிமண்ணும் பூசியிருந்தது. அந்த அறைக்கு இருந்ததே ஒரு சன்னல்தான். மேற்கே மலையைப் பார்த்த சன்னல். உள்ளே தணல் சட்டி, சாம்பிராணிப் புகை, கம்பளி. தண்ணீர்கூட அளந்துதான் கொடுப்பார்கள். வெளியே கத்திரி என்றால் உள்ளே அதன் தாய்வீடு.

ஆண்கள் அந்த அறைக்குள் போவதில்லை. வாசலில் தொங்கிய தடித்த திரைக்கு வெளியே நின்று, "ஆமினா" என்று கூப்பிட்டேன்.

"என்னங்க, மூச்சு முட்டுதுங்க" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "பிள்ளைக்கு மேலெல்லாம் வேர்க்குரு. பால் குடிக்க மாட்டேங்குது. இன்னும் முப்பத்தாறு நாள் இதுக்குள்ள கெடக்க என்னால ஏலாது."

திரையின் ஓரமாக ஒரு விரல் வந்தது. பிடித்தேன். கொதித்தது. காய்ச்சல் மூன்றாம் நாளிலிருந்தே இருப்பதாகச் சொன்னாள். அந்த ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இவள் இந்த அறையிலிருந்து உயிரோடு வருவாளா என்று எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

நேரே மாமியிடம் போனேன். மருமகனிடம் பேசும்போது மாமி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார், அது மரியாதை. நானும் கதவைப் பார்த்தே பேசிப் பழகியிருந்தேன்.

"மாமி, அந்தச் சன்னலைச் செத்த நேரம் தொறந்து விடலாமே. உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்காம்."

 கதவு மெதுவாகச் சொன்னது:

"மூத்தவ மரியமும் இதே அறையிலதான் பெத்தா மாப்ளே. அவளும் இதையேதான் சொன்னா, புழுங்குதும்மான்னு. மனசு கேக்காம இந்தக் கையாலதான் அந்தச் சன்னலைத் தொறந்து விட்டேன். பதினோராம் நாள் சன்னி கண்டு போய்ச் சேந்துட்டா. இன்னொருக்க அதைத் தொறக்கச் சொல்லாதீங்க."

 மரியம் இறந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை. அறிவுள்ளவன் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருப்பான். அல்லது தைரியம் உள்ளவன், "அது சன்னலால் வந்த சாவு இல்லை மாமி" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகச் சொல்லியிருப்பான். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை.

"சன்னலைத் தொறக்காமலே காத்து வர வைக்கிறேன் மாமி" என்றேன்.

"அது எப்பிடி?"

"மெஷின்" என்றேன். (அந்தச் சொல்லைச் சொல்லும்போது நெஞ்சு ஓரங்குலம் நிமிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன்.)

"கோர்ட்டுக் கச்சேரில கயிறு கட்டி இழுக்காங்களே, அந்தப் பங்காவா?"

"பங்கா வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டையே இங்கிட்டும் அங்கிட்டும் தள்ளும் மாமி. இது அப்படி இல்ல. வீட்டுச் சூட்டை அம்புட்டையும் மேல இழுத்து, கூரை வழியா வெளிய தள்ளிரும்."

எங்கள் ஆலையில் பஞ்சுத் தூசியை வெளியேற்ற அப்படி ஒரு விசிறிச் சக்கரம் உண்டு. இஞ்சின் ஓடும்போது அதுவும் சுற்றும். அதன் கீழே நின்றால் சட்டை படபடக்கும். மத்தியானத்தில்கூடச் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி முழுவதும் சக்கரத்திலிருந்து வருகிறது என்று இரண்டு வருஷமாக நம்பியிருந்தேன். ஆலையின் இரண்டு பக்கமும் காலையில் முதல் வேலையாக எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்தவனும் நான்தான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவில்லை. மேலே இழுத்து வெளியே தள்ளினால், தள்ளிய அளவுக்கு வேறெங்கிருந்தாவது உள்ளே வந்துதானே ஆக வேண்டும் என்கிற சின்ன யோசனைகூட இல்லாதவனைத்தான் அந்த ஆலை நம்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் ராஜபாளையம் போய், ஆலையில் சிறகு வளைந்து ஓரமாகக் கிடந்த பழைய சக்கரம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மாட்டுவண்டியில் ஏற்றி, வைக்கோலால் மூடி, கல்யாணச் சீர் கொண்டுபோகிறவன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுவந்து சேர்த்தேன். மாமியார் வீட்டுக் கூடத்தின் நடுவில், நெல் மூட்டையைக் கூரைக்கடியில் இருந்த மச்சுக்கு ஏற்றுவதற்காகச் சதுரமாக ஒரு திறப்பு உண்டு. அதன் மேல் சக்கரத்தைப் படுக்கவைத்துப் பொருத்தினேன். அதற்கு நேர் மேலே கூரையில் பதினைந்து ஓட்டைப் பிரித்தேன். மச்சுச் சுவரில் துளை போட்டு, கயிற்றைப் பக்கத்து மொட்டை மாடிக்கு இழுத்து, அங்கே கைப்பிடி வைத்த பெரிய சக்கரம் ஒன்றோடு பூட்டினேன். மாடியில் ஒருவன் கைப்பிடியைச் சுற்றினால் மச்சில் விசிறி சுற்றும்.

சுற்றுவதற்கு ஆள் இருந்தான். ஆமினாவின் தம்பி மீரான். போலீசில் கான்ஸ்டபிள், அக்கா மகளுக்குப் பேர் வைக்க லீவில் வந்திருந்தான். தேக்கு மரத்தில் கடைந்த தோள். அதைவிடப் பெரிய குணம், சொன்ன உத்தரவை இம்மி பிசகாமல் செய்வது.

"ஏலே மீரான், நான் சுத்துன்னா சுத்தணும். நிறுத்துன்னாத்தான் நிறுத்தணும். நடுவுல என்ன ஆனாலும் கை நிக்கக்கூடாது."

"சரி மச்சான்."

"கூரை வழியாச் சூடு வெளிய வரும். அதைப் பாத்தாப் பயந்துராத."

"சூடு கண்ணுக்குத் தெரியுமா மச்சான்?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நல்லா வேலை செஞ்சாத் தெரியும்" என்றேன்.

ஏழாம் நாள் வந்தது. வாசல் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். ஓதிப் பேர் வைக்கிற லெப்பை வந்து சேர்ந்தார். அடுப்படியில் பெண்கள் மூன்று அடுப்பைப் பற்றவைத்து, ஒன்றில் நெய்ச்சோறு, ஒன்றில் கறி, ஒன்றில் பருப்பு என்று ஏற்றியிருந்தார்கள். வெளி ஆண்கள் இருப்பதால் முன்கதவு சாத்தியிருந்தது. பச்சை உடம்புக்காரி மேல் காற்று படக்கூடாது என்பதால் கொல்லைக் கதவும் சாத்தியிருந்தது. சன்னல்களின் கதை ஏற்கெனவே சொன்னதுதான். நான் பிரித்த கூரையைத் தவிர அந்த வீட்டில் வெளியுலகத்தோடு தொடர்பு வைத்திருந்தது ஒன்றே ஒன்று, மூன்று அடுப்புக்கும் மேலே இருந்த புகைக்கூண்டு.

லெப்பை ஓத ஆரம்பிக்கும் முன்னால் அறையைக் குளிர்வித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கூடத்தின் நடுவில், விசிறிக்கு நேர் கீழே நின்று, மேலே பார்த்து, "சுத்து" என்றேன்.

சக்கரம் முனகியது. பிறகு அசைந்தது. பிறகு, நான் கண்ணால் கண்டேன், ஆமினாவின் அறை வாசலில் தொங்கிய திரை கூடத்தைப் பார்த்து மெல்ல எழுந்தது.

"என்னங்க, காத்து வருதுங்க" என்று உள்ளேயிருந்து அவள் சொன்னாள்.

என் வாழ்க்கையில் நான் முழுதாகச் சந்தோஷமாக இருந்தது அந்த அரை நிமிஷம்தான். அதற்கு அப்புறமும் சந்தோஷங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கொஞ்சம் சந்தேகம் கலந்தே வந்தது.

அடுப்படியில் புகை அதுவரை மரியாதையாக மேலே போய்க்கொண்டிருந்தது. இப்போது பாதி வழியில் நின்றது. யோசித்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு அடுப்படி வாசல் வழியாகக் கூடத்துக்குள் வந்தது. அதன் பின்னாலேயே புகைக்கூண்டில் எத்தனையோ வருஷமாகத் தொங்கிய ஒட்டடையும் கரியும் இறங்கி, பாதி நெய்ச்சோற்றிலும் பாதி பெண்கள் மேலும் விழுந்தன. மாமியைத் தவிர மற்றப் பெண்கள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். அந்தக் கதவு வழியாகக் காற்று வந்ததும் அடுப்புகள் இன்னும் உற்சாகமாக எரிந்து, மீதிப் புகையையும் என்னிடம் அனுப்பிவைத்தன.

"நிறுத்து" என்று கத்த வாயைத் திறந்தேன். புகைதான் உள்ளே போனது. இருமினேன். மறுபடி வாயைத் திறந்தேன். மறுபடி இருமல். கொல்லைப் பக்கமாக ஓடி மாடிக்குப் போகலாம் என்று பாய்ந்தவன், கண் தெரியாமல் கூடத்துத் தூணில் மோதி, விழாமல் இருக்க அதையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். மேலே மீரான் சுற்றிக்கொண்டே இருந்தான். கூரை வழியாகக் கன்னங்கரேலென்று வெளியே போவதைப் பார்த்து, இன்னும் வேகமாகச் சுற்றினான்.

தெருவில் இருந்தவர்கள் வீடு தீப்பற்றிவிட்டதாக நினைத்தார்கள். (அப்படி நினைக்காவிட்டால்தான் ஆச்சரியம்.) யாரோ இரண்டு பேர் கூரை மேல் ஏறி, பிரித்த ஓட்டின் வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். விசிறி அதில் பாதியை மச்சு முழுவதும் சமமாகப் பங்கு வைத்தது. மீதி என் தலையில் விழுந்தது.

சிரிப்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் அப்போது அந்த அறைக்குள்ளிருந்து ஆமினா இருமினாள். குழந்தை அழுதது; பிறகு அழுகை நின்றுவிட்டது. அந்த நின்ற அழுகையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தூணை விட்டுவிட்டு அந்தத் திசையில் தவழ்ந்தேன்.

எனக்கு முன்னால் மாமி போய்விட்டார். அடுப்படி மூலையில் இருந்த உலக்கையை எடுத்துக்கொண்டு, புகைக்குள் நுழைந்து, என்னைத் தாண்டி, அந்த அறைக்குள் போனார். ஒரு அடி விழுந்த சத்தம் கேட்டது. இரண்டாவது அடியில் களிமண் உதிர்ந்தது. மூன்றாவதில் சன்னல் கதவு தாழோடு பெயர்ந்து வெளியே விழுந்தது.

மேற்கேயிருந்து காற்று வந்தது. இதற்காகவே ஏழு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது போல நேரே உள்ளே வந்து, அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, புகையைக் கூட்டிக்கொண்டு விசிறி வழியாக வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சுவர் தெரிந்தது. குழந்தை மறுபடி வீறிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. மாமி சன்னலுக்குப் பக்கத்தில், உலக்கை கையில், முகமெல்லாம் கரியாக நின்றுகொண்டிருந்தார். கரியில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. அது புகையால் வந்த கண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, போர்வையக் கொண்டா. சன்னலை மூடிருவோம்" என்று ஆமினாவே சொன்னாள். தாயின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மாமி போர்வை எடுக்கப் போகவில்லை; உலக்கையைச் சுவரில் சாத்தினார்.

"இல்லன்னா, செத்த நேரம் இப்படியே இருக்கட்டுமா?" என்றாள் ஆமினா.

"இருக்கட்டும்" என்றார் மாமி.

மீரானை நிறுத்தச் சொல்லும் குரல் எனக்குத் திரும்பியபோது அவன் வியர்வையில் குளித்திருந்தான். இறங்கி வந்து கூடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏம்லே, அம்புட்டுப் புகை வருதே, நிறுத்த வேண்டாமா?" என்றேன்.

"நீங்க நிறுத்துன்னு சொல்லலையே மச்சான். சூடு கறுப்பா வந்துச்சு. எம்புட்டுச் சூடு இந்த வீட்டுக்குள்ள கெடந்திருக்குன்னு அக்காவை நெனச்சு அழுகையே வந்துருச்சு."

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நெய்ச்சோறு போனது. லெப்பை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பேரைப் பந்தல்லயே வச்சிருவோம். உள்ள இருக்கவியள்ல கரியில ஆரு ஆருன்னு எனக்குத் தெரியல" என்றார். குழந்தையைத் துடைத்து வெளியே கொண்டுவந்தோம். என்ன பேர் என்று கேட்டார். மாமியைத்தான் எல்லோரும் பார்த்தோம். மரியம் என்று சொல்லியனுப்பினார். வந்தவர்களுக்கு வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் கொடுத்து அனுப்பினோம்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் வெறும் முட்டாளாகத் தப்பியிருப்பேன். ஆனால் அன்றைக்கு ஏழாம் நாள்தான். மூத்தவள் போனது பதினோராம் நாள். அந்தக் கணக்கு எல்லோர் மனத்திலும் ஓடியது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெயர்ந்த கதவை ஆசாரி வந்து மாட்டிவிட்டுப் போனார். மாமி அதை மூடவும் இல்லை, மூடாதே என்று சொல்லவும் இல்லை. நான் ஆலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. போகவில்லை. ஆமினாவுக்கு ஏதாவது ஆனால் அதற்குச் சன்னல் காரணமா, புகை காரணமா என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். எப்படிப் பிரித்தாலும் என் பேர்தான் வந்தது.

பதினோராம் நாள் காலையிலிருந்து மாமி மகளின் பக்கத்தில் பாயை விட்டு நகரவில்லை. நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். தொழுகைக்கு மட்டும் எழுந்தேன். என்ன ஓதினேன் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். மத்தியானத் தொழுகையான லுகர் போனது. சாயங்காலத்து அசர் வந்தது. மலைப்பக்கமிருந்து காற்று எழும்பி, திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அம்மா, பசிக்குது" என்று ஆமினா சொல்வது கேட்டது. "கைய எடும்மா. காய்ச்சலெல்லாம் விட்டு ரெண்டு நாளாச்சு. வேர்வைதான் ஒன் கையால வருது."

மாமி விம்மி விம்மி அழுதார். பதினோரு நாள் அழுகை இல்லை அது. எத்தனையோ வருஷத்தது. நானும் வெளியே உட்கார்ந்து அழுதேன்.

விசிறியை மறுநாள் கழற்றினேன். சன்னல் திறந்த பிறகு மீரான் சுற்றினாலும் காற்று வந்தது, சுற்றாவிட்டாலும் வந்தது. (அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.) சக்கரம் கொஞ்ச காலம் கொல்லையில் கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. பிரித்த பதினைந்து ஓட்டில் பதினாலுதான் திரும்ப அகப்பட்டது. மீதி ஒன்று போன இடம் தெரியவில்லை. அந்த மூலையில் மழைக்கு இன்னும் ஒழுகுகிறது.

அந்த அறையில் அப்புறம் எங்களுக்கே, என்னை அத்தா என்று கூப்பிட, இன்னும் நாலு பிள்ளைகள் பிறந்தன. ஒரு தடவையும் சன்னலில் களிமண் ஏறவில்லை. போன வருஷம் எங்கள் மகள் மரியம் தன் தலைப்பிரசவத்துக்கு அங்கேதான் வந்திருந்தாள். வலி எடுத்ததும் வீடே மருத்துவச்சியைத் தேடி ஓடியது. மாமிக்குக் கண் மங்கிவிட்டது, நடை தளர்ந்துவிட்டது. குரல் மட்டும் குறையவில்லை. கட்டிலில் இருந்தபடியே அவர் பேத்திக்குச் சொன்னது தெருமுனை வரை கேட்டது:

"மருத்துவச்சி பொறவு வரட்டும். மொதல்ல அந்தச் சன்னலைத் தொறடி. இல்லன்னா ஒங்க அத்தா காத்து வர வச்சிருவாரு."